தண்ணீர் தாங்கும் மூடி

யூனியன் பிளேஸ் கண்ணாடிக் கடையில்
டபுள் கெப் எடுத்த அன்று
பின்பெட்டிக்கு மூடியும் அவர்களே பூட்டித் தந்தார்கள்.
ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம்.
கறுப்பு. மூன்றாக மடியும்.
ஒற்றை விரலால் திறக்கலாம் என்று
ஹிமாஷி என்ற பிள்ளை திறந்து காட்டினாள்.
நானும் ஒற்றை விரலால் திறந்தேன்,
திரும்ப மூடினேன், திரும்பத் திறந்தேன்.

பிறகு ஐப்பசி வந்தது.

மலிபன் வீதியிலிருந்து வத்தளைக்கு
நாற்பது கட்டு சிங்கிள் றூல் கொப்பி.
இறக்கும்போது சவிரிமுத்து ஒன்றும் பேசவில்லை.
ஒரு கட்டின் அடியை அமுக்கிக் காட்டினான்.
தேத்தண்ணியில் தோய்த்த பாண்போல
விரல் உள்ளே போயிற்று.
நீலக்கோடெல்லாம் கரைந்து,
எந்தப் பிள்ளையும் எழுதுமுன்னே
கொப்பி தானாக எதையோ கிறுக்கியிருந்தது.

கொம்பனிக்குப் போனேன்.
"ஐயா, இது தண்ணி தாங்கும் மூடி.
தண்ணி புகாத மூடி எண்டு நாங்க சொல்லேல்லையே."
தாங்குவதற்கும் புகாததற்கும் இடையில்
பதினொரு கட்டுக் கொப்பி கிடந்தது.

ரிஃப்கான் ஹோஸ் பைப்பை எடுத்து
ஐந்து நிமிடம் அடித்துக் காட்டினார்.
ஒரு சொட்டில்லை.
குழாய்த் தண்ணீர் மரியாதை தெரிந்தது,
மேலிருந்து நேராக விழும்.
கொழும்பு மழை துறைமுகப் பக்கமிருந்து சாய்ந்து வரும்;
ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கையில்
விலாவில் இடித்து உள்ளே ஏறும்.
அதை எப்படி வேர்க்ஷொப்புக்குக் கூட்டி வருவது?

மூடி செய்தவன், பூட்டினவன் பிழை என்றான்.
பூட்டினவன், செய்தவனுக்கு எழுதுங்கோ என்றான்.
வாரண்டிப் புத்தகம் முழுக்கத் தேடினேன்,
பூட்டுதல் என்று ஒரு சொல் இல்லை.
இதற்கிடையில்
விளிம்பில் அவர்கள் துளை போட்ட இடமெல்லாம்
வெற்றிலை எச்சில் நிறத்தில் துரு வழியத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டிய வீதியில்,
நானே பின்பெட்டிக்குள் ஏறி மல்லாந்து படுத்தேன்.
மூடு என்றேன்.
"முதலாளி, ஆராவது பாத்தா..."
மூடடா.

இருட்டு. புது றப்பர் மணம்.
முழங்காலை மடித்தால்தான் ஆள் கொள்ளும்.
வெளியே ஒரு நாட்டாமை சிங்களத்தில் கேட்கிறான்,
உள்ளே என்ன சாமான்?
"கொப்பி" என்கிறான் சவிரிமுத்து.

அந்த வருடங்களில்
மூடின வாகனம் எதுவும் செக்பொயின்டில் லேசில் தாண்டாது.
அப்பா படங்குகூடப் போடாமல் ஓடினார்.
சாமான் நனைந்தால் நனையட்டும்,
எல்லாம் வெளியே தெரிந்தால் சரி.
இதை ஏன் இப்போது நினைத்தேனோ.

கண் பழகிற்று.
கெபினோடு சேரும் மூலையில் நெல்லளவு வெளிச்சம்.
கிளாம்ப் இறுக்கின இடத்தில் இன்னொன்று.
மூன்றாவது நூல்போல நீளம்:
றப்பரைத் தலைகீழாக வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்,
வெளியே மடியவேண்டிய உதடு
உள்ளே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.
வெளிச்சம் வருகிற வழியால்தானே
தண்ணீரும் வரும்.
இதைக் கண்டுபிடிக்க ஒரு சோக்குக்கட்டி போதுமாயிருந்தது,
ஒவ்வொன்றாக வட்டம் போட்டேன்.

நாலாவது வட்டத்துக்குள் வெளிச்சம் மங்கியது.
தகரத்தில் மழை நடக்கிற சத்தம்.
முதல் சொட்டு நெற்றியில்,
நான் கோடு போட்ட இடத்திலிருந்தே.

"முதலாளி!"
அவன் ஒற்றை விரலால் இழுக்கிறான்,
பிறகு இரண்டு கையாலும்.
"முதலாளி, கொக்கி இறுகிப்போச்சு, திறக்குதில்லை!"

பொறு.
அவசரமில்லை.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.